என்ன கார்டுங்க வேணும்?

மூன்று வருடத்துக்கு முன்பு, ஓர் ஆயுத பூஜை நாளில், அரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. இப்போது சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அன்றைக்கு மதியம் மட்டும் யாராவது என் எதிரில் சிரித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. எனக்குக் கோபம் கொஞ்சம் முன்னாடியே வந்து நிற்கும்.

நான் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர்சாதன லாரிகளைக் கண்காணிக்கும் வேலை. ஐஸ்கிரீம், தடுப்பூசி, உறைய வைத்த பட்டாணி என்று எதையாவது ஏற்றிக்கொண்டு போகும் லாரி எங்கே நிற்கிறது, உள்ளே குளிர் குறையாமல் இருக்கிறதா, டிரைவர் போனை எடுக்கிறாரா என்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். கணவருக்கு ஊரில் விவசாயம். மகளை அவரும் என் மாமனாரும்தான் வளர்த்தார்கள். நான் பெங்களூரில் விடுதியில் தங்கிக்கொண்டு, லீவு கிடைக்கிற சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து வருவேன்.

அப்படி வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் வாசலில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அழுதுகொண்டே ஓடி வந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டி நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். குழந்தை மேல் தப்பில்லை, பழக்கம் அப்படி. ஆனால் அன்றைக்குத் திரும்பிப் போன பஸ்ஸில் தொப்பூர் கணவாய் தாண்டி... இல்லை, நான் வருவது அந்த வழியே இல்லை, கிருஷ்ணகிரி வழி. அழுதுகொண்டே போனதில் எந்த ஊர் வந்தது, எந்த ஊர் போனது என்றே தெரியவில்லை.

அந்த வருடம்தான் கம்பெனியில் சிலரை வீட்டிலிருந்தே வேலை செய்ய விடுவதாகச் சொன்னார்கள். சொந்தக் கணினி வேண்டும், அதில் நாலு மானிட்டர் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்பது நிபந்தனை. வரைபடம் ஒன்றில், குளிர் அளவு ஒன்றில், டிரைவர்கள் அனுப்பும் செய்தி ஒன்றில், புகார்கள் ஒன்றில். தர்மபுரியில் ஒரு கடையில் சொல்லி ஒரு கணினியை அசெம்பிள் செய்து வாங்கினோம். நாலு மானிட்டருக்கும் சேர்த்து ஒரே கிராபிக்ஸ் கார்டு. ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியதுதான், ஆனால் அதன் முதுகில் நாலு கேபிள் சொருக இடம் இருந்தது. எங்கள் கணினியின் ப்ராசஸர் தானாகப் படம் காட்டாத வகை. அதாவது, கார்டு இருந்தால் நாலு மானிட்டரும் ஓடும். கார்டு இல்லையென்றால் ஒன்றுகூட ஓடாது.

நாலு மானிட்டரும் நாலு அளவு. உயரம் ஒன்றுபோல வர மகளின் பழைய பாடப் புத்தகங்களை அடியில் கொடுத்தோம். தெருவில் இருந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, நாலு டிவி எதற்கு, அதிலும் ஒன்றிலாவது நாடகம் ஓடக்கூடாதா, எல்லாவற்றிலும் லாரியா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

என் முதல் நாள் வேலையை விஜயதசமி அன்று தொடங்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் மாமா. என் மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கம்பெனியில் கேட்டேன், சரி என்றார்கள். முந்தின நாள் மாலை மேலதிகாரி வீடியோ அழைப்பில் வருவார், நாலு மானிட்டரும் ஓடுவதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். முந்தின நாள் என்றால் ஆயுத பூஜை.

ஆயுத பூஜை எங்கள் வீட்டில் மாமாவின் திருவிழா. மற்ற நாளில் இருக்கிற இடம் தெரியாத மனுஷன், அன்றைக்கு விடிந்ததிலிருந்து எல்லாரையும் விரட்டிக்கொண்டிருப்பார். மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள், குச்சிக்கிழங்குக் காட்டு மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி, பைக், மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் வரை எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தாக வேண்டும். கணினிக்கு அது முதல் பூஜை. என் கணவர் அதைத் திறந்து ஊதித் தூசி தட்டினார். கார்டின் விசிறியில் தூசி அடைந்திருந்ததால் அதை மட்டும் தனியே கழற்றி வாழை இலையில் வைத்தார். திரும்ப மாட்டப் போனபோது மாமா தடுத்தார். நாலு டிவிக்கும் இதுதான் உயிர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அப்படியென்றால் இதற்குத் தனியாகப் பொட்டு வைக்க வேண்டாமா என்று கேட்டார். கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது.

கிராபிக்ஸ் கார்டைப் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. அதன் அடி விளிம்பில் தங்க நிறத்தில் பல் வரிசை மாதிரி ஒன்று இருக்கும். அந்தப் பல்தான் கணினிக்குள் போய் உட்காரும். கறுப்பும் பச்சையுமாக இருந்த அந்தப் பொருளில் தங்கமாக மின்னிய இடம் அது ஒன்றுதான். மாமா நல்ல கெட்டியாகச் சந்தனம் குழைத்து, ஒரு பல் விடாமல், மோதிர விரலால் வரிசையாகப் பொட்டு வைத்திருக்கிறார். மேலே குங்குமம் வேறு.

பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுத்து வேலை செய்யக் கூடாது, மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாயங்காலம் சும்மா காட்டுவது மட்டும்தான், வேலை இல்லை என்று மாமாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கினோம். கணவர் கார்டின் மேல் இருந்த பூவை எடுத்தார். கண்ணுக்குத் தெரிந்த பக்கத்தைத் துடைத்தார். அடி விளிம்பைத் திருப்பிப் பார்க்காமல் அப்படியே கணினிக்குள் மாட்டிவிட்டார். நான் தெருவுக்குக் கொடுக்கப் பொரியும் கடலையும் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தேன். சுவிட்சைப் போட்டதும் கமகமவென்று சந்தன வாசனை வந்தது. பூஜை அறையிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அடுத்த நொடி வந்தது கருகல் வாசனை. நாலு மானிட்டரும் கறுப்பாகவே நின்றன.

கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. என் கணவர் மாமாவை ஒரு சத்தம் போட்டார். மாமா கருகிய கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அந்தத் தங்கப் பக்கத்த நான் மூஞ்சின்னு நெனச்சுட்டேன் கண்ணு" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார். இலையில் வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை, கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

மேலதிகாரிக்குப் போன் செய்து இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அவர் தன்மையாகத்தான் பேசினார். எனக்குப் பின்னால் இந்த இடத்துக்கு ஆள் காத்திருப்பதாகவும், மாலைக்குள் காட்ட முடியாவிட்டால் அவர்களுக்குத்தான் போகும் என்றும் சொன்னார். கவலைப்படாதே, பெங்களூர் அலுவலகத்தில் உன் நாற்காலி அப்படியேதான் இருக்கிறது என்று ஆறுதலும் சொன்னார். அந்த ஆறுதல்தான் என்னை உடைத்துவிட்டது. அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போனால் என் மகள் மறுபடி என்னைத் தாண்டி ஓடுவாள்.

கணினி வாங்கிய கடைக்காரர் பூஜை முடித்துக் கடையைப் பூட்டிக்கொண்டு மாமியார் ஊருக்குப் போயிருந்தார். தெரிந்த மற்ற எண்களில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேறு வழி தெரியாமல், மகளின் பள்ளி வேன் பெற்றோர் வாட்ஸப் குழுவில் "கிராபிக்ஸ் கார்டு அவசரமாக வேண்டும், இன்றைக்கே, யாராவது உதவுங்கள்" என்று போட்டேன். பதில்கள் மளமளவென்று வந்தன. ஒருவர் வாழ்த்துகள், வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார். ஒருவர் கார்டு விஷயமாகத் தாலுகா ஆபீசுக்குத்தான் போக வேண்டும், இன்று லீவு என்றார். அவர் ரேஷன் கார்டு என்று நினைத்திருக்கிறார். இன்னொரு அம்மா, இவர்கள் டிசைன் எல்லாம் போட்டு அருமையாகக் கார்டு அடித்துத் தருவார்கள் என்று அரூரில் ஒரு அச்சகத்தின் எண்ணை அனுப்பியிருந்தார்.

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஆனாலும் அந்த எண்ணுக்கு ஏன் அழைத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யாரோ ஒருவர் போனை எடுத்துப் பேசினால் போதும் என்று இருந்ததோ என்னவோ.

ஒரு ஆண் குரல் எடுத்தது. "என்ன கார்டுங்க வேணும்? கல்யாணமா, காதுகுத்தா, மஞ்ச நீரா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் குரல் சட்டென்று தணிந்தது.

"கருமாதிக் கார்டுங்களா? அழுவாதிங்க. சாயங்காலத்துக்குள்ள அடிச்சிக் குடுத்துர்லாம்."

அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்தது. அப்புறம் என்ன நினைத்தேனோ, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாலு மானிட்டர், சந்தனம், மாலைக்குள் காட்டாவிட்டால் குழந்தையை விட்டுவிட்டு மறுபடி பெங்களூர் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்திருக்குமோ, ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், அவர்கள் கேட்பது பத்திரிகை இல்லை, நம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறதே அந்தக் கார்டு என்று அவரிடம் சொல்வது கேட்டது. பிறகு அந்தக் குரலே போனுக்கு வந்தது. அவர் அச்சகக்காரரின் மனைவி. பத்திரிகையும் ப்ளெக்ஸ் பேனரும் டிசைன் செய்வது அவர்தான். தன் கார்டிலும் நாலு கேபிள் சொருகலாம், தான் இரண்டு மானிட்டர்தான் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, கிளம்பி வரச் சொன்னார்.

பைக்கில் போனோம். அரூர் வீதி முழுக்க உடைத்த பூசணிக்காய். குங்குமம் தோய்ந்த சதையில் சக்கரம் ஏறாமல் என் கணவர் வளைந்து வளைந்து ஓட்டினார். கடைகள் எல்லாம் வாழைக்கன்று கட்டிச் சாத்தியிருந்தன. அச்சகத்தின் ஷட்டர் மட்டும் பாதி திறந்திருந்தது.

உள்ளே அச்சு இயந்திரத்துக்கு மாலை, காகிதம் வெட்டும் கத்திக்கு மாலை, கணினிக்குச் சாமந்தி மாலை. அந்த அம்மாவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். பட்டுச்சேலை கட்டியிருந்தார், கையில் ஸ்க்ரூடிரைவரைத் தயாராக வைத்திருந்தார். அவர் கணவருக்குத்தான் தயக்கம். கார்டைக் கொடுப்பதில் இல்லை. பூஜையில் வைத்த பொருளை மறுபூஜை போடாமல் எப்படி எடுப்பது என்று. நாளைக் காலையில் முதல் ஆளாக உங்களுக்குத்தான் தருவேன் என்று கையைப் பிசைந்துகொண்டே சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பொருளை எடுத்ததால்தானே அங்கே நின்றுகொண்டிருக்கிறோம் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. என் கணவர் தரையைப் பார்த்தார். நாளைக் காலை என்பது எங்களுக்குப் பிரயோஜனமில்லை.

அந்த அம்மா மாலையை நகர்த்தினார்.

"வேலைக்கு எடுத்தாத்தான் குத்தம். குடுக்கறதுக்கு எடுத்தா அது என்னாங்க குத்தம்?"

தன் கணவரைப் பார்த்து அவர் சத்தமில்லாமல்தான் கேட்டார். அச்சகக்காரர் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, டார்ச் விளக்கை எடுத்து வந்து கணினிக்கு உள்ளே அடித்துக் காட்டினார்.

கழற்றுவதற்கு முன் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருந்தது. எங்கள் கணினிக்குள் இன்னும் சந்தனம் ஒட்டியிருக்கலாம், உங்கள் கார்டும் கருகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். மாமா ஒவ்வொரு பல்லுக்கும் பொட்டு வைத்த கதையை அப்போதுதான் அந்த அம்மா முழுதாகக் கேட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி கார்டைப் பற்றி இல்லை.

"பாவம், அவரு சாப்டாரா?"

இல்லை என்றேன். மேலே இருக்கும் காடியில், அதாவது கார்டு சொருகும் பள்ளத்தில், சொருகாதீர்கள், கீழே இன்னொன்று இருக்கும், அதில் சந்தனம் பட்டிருக்காது, அதில் சொருகுங்கள் என்றார். அப்படியும் போனால் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கழற்றிய கார்டை மெல்லிய காகிதத்தில் சுற்றி, ஒரு கல்யாணப் பத்திரிகைப் பெட்டிக்குள் வைத்தார். மேலே பிள்ளையார் படம் போட்ட மாதிரிப் பெட்டி. பத்திரிகை வைக்கிற மாதிரியே இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பெயர் என்ன, எந்தத் தெரு என்று ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது பொரியும் சுண்டலும் ஒரு பொட்டலம் கட்டி, இது உங்கள் மாமாவுக்கு என்றார்.

வீட்டுக்கு வந்து கீழ்க் காடியில் மாட்டினோம். சுவிட்சைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. முன்பின் பழக்கமில்லாத ஒருவருடைய பிழைப்பு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. என் கணவர்தான் போட்டார். நான் மூக்கைத் தூக்கி வாசனை பிடித்தபடி நின்றேன். ஒரு வாசனையும் வரவில்லை. முதல் மானிட்டர் வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. நாலாவது வரவில்லை. கேபிளைக் கழற்றி, ஊதி, திரும்பச் சொருகினேன். அதுவும் வந்தது. வீட்டுக்குள் வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாலையில் மேலதிகாரி வீடியோவில் வந்தார், நாலு மானிட்டரையும் பார்த்தார், சரி நாளைக்குத் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதற்குத்தான் இத்தனை பாடு.

மாமா மோட்டார் கொட்டகை ஓரமாக உட்கார்ந்திருந்தார். கார்டு கொடுத்த வீட்டிலிருந்து உங்களுக்கென்று கொடுத்தார்கள் என்று சொல்லிப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் நம்பவில்லை. எனக்கா, என்னைத் தெரியுமா என்று இரண்டு தடவை கேட்டார். உங்களைத்தான் விசாரித்தார்கள், சாப்பிட்டாரா என்று கேட்டார்கள் என்றேன். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கை பொரியை வாயில் போட்டுக்கொண்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னோடு வீட்டுக்கு வந்தார். கணினி இருந்த அறை வாசலில் நின்று எட்டி நாலு டிவியையும் பார்த்தார். உள்ளே மட்டும் வரவில்லை.

புதிய கார்டு வந்து சேரச் சில வாரங்கள் ஆகிவிட்டன. வந்ததும் நான் அந்த அச்சகத்து அம்மாவின் கார்டை அதே பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு அரூருக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது. அவர் கணினியில் கார்டு இல்லாவிட்டாலும் ஒரு மானிட்டர் ஓடும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அத்தனை நாளும் ஓட்டியிருக்கிறார். ஐப்பசி முகூர்த்தங்கள் நெருங்கி, வேலை குவிந்து கிடக்கும் காலம். பெரிய பேனர் ஒன்றைத் திறந்தால் கணினி அப்படியே நின்றுவிடுமாம். பேனர் வேலைகளை எல்லாம் வேறு ஒரு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார். இந்தச் சில வாரங்களில் நான் இரண்டு மூன்று தடவை போன் செய்து, உங்களுக்கு ஒன்றும் சிரமமில்லையே என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், அய்யோ இங்கே அது சும்மாதான் கிடந்தது என்றுதான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று உரிமையோடு சண்டைக்கே போய்விட்டேன். அவர் கார்டைத் துடைத்து மாட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"எம் பையன் எங்கம்மா வூட்லதான் வளந்தான். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருந்தேன். அவன் பேச ஆரம்பிச்சப்ப நான் பக்கத்துல இல்ல. நீங்க போன்ல அழுதிங்க பாருங்க, அந்த அழுவ எனக்குத் தெரியும்ங்க."

அப்புறம் டீ வரவழைத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

தமக்கு ஒரு பொருள் பயன்படாமல் போன பிறகு அதைக் கொடுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். தனக்கு வேண்டியிருக்கும்போதே கழற்றிக் கொடுத்துவிட்டு, சும்மாதான் கிடந்தது என்று பொய்யும் சொன்ன ஒருவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

போன வாரம் என் மகள் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள். இப்போது நன்றாக வளர்ந்துவிட்டாள், ஆனாலும் அழுதுகொண்டேதான் வந்தாள். அவள் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். அவள் அவரைத் தாண்டி, நாலு மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தாள். அவளை மடியில் இழுத்துக்கொண்டபோது, இந்த நிமிடத்தை எனக்குக் கொடுத்தவர் அரூரில் யாருக்கோ கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.